ஆல்ப்ஸ் பயணம்: எங்கே ரயில், எங்கே கார்?

கோடைக்கு ஐரோப்பா போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகளில், ரயிலையும் வாடகைக் காரையும் பற்றியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தையும் வட இத்தாலியையும் சேர்த்துப் பார்ப்பது பற்றியவை.

கேள்வி: ஜூன் கடைசியில் மனைவி, 9 வயது மகள், 13 வயது மகனுடன் 12 இரவுகள் போகிறோம். சூரிச்சில் இறங்கியதும் காரை எடுத்து, சுவிட்சர்லாந்தை முடித்துக்கொண்டு, இத்தாலியின் டோலமைட் மலைகளையும் பார்த்துவிட்டு, வெனிஸில் காரை ஒப்படைத்துவிடலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

வேண்டாம். ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கென்று தனிக் கட்டணம் போடுவார்கள். பல சமயம் அது வாடகையையே மிஞ்சிவிடும். பணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சுவிட்சர்லாந்தில் கார் உங்களுக்குச் சுமைதான். செர்மாட், வெங்கன், மூரன் மூன்றும் கார் நுழையாத ஊர்கள். செர்மாட் போகிறவர்கள் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில் ஏறித்தான் மேலே போக வேண்டும். நிறுத்தத்துக்கும் பணம், ரயிலுக்கும் பணம். நெடுஞ்சாலையில் ஓட்ட 40 பிராங்க் விலையுள்ள வின்யெட் என்ற சாலைக் கட்டண வில்லை வேண்டும். வருடத்துக்கு என்றுதான் விற்பார்கள், வாரக்கணக்கில் கிடையாது.

டோலமைட்டில் நிலைமை தலைகீழ். ரயில் போல்சானோ, பிரெஸ்ஸனோனே போன்ற பள்ளத்தாக்கு ஊர்களோடு நின்றுவிடும். ஆர்திசெய்க்கோ கோர்த்தினாவுக்கோ ரயில் இல்லை. பஸ்கள் நன்றாகவே ஓடுகின்றன, ஆனால் கணவாய்களின் மேல் அதிகாலையிலும் மாலை வெயிலிலும் நிற்க வேண்டுமென்றால் கார்தான் வசதி. அதனால் சுவிஸ் பகுதியை முழுக்க ரயிலில் முடியுங்கள். காரை டோலமைட்டுக்கு மட்டும் எடுத்து, எடுத்த ஊரிலேயே விடுங்கள்.

உங்கள் 12 இரவுகளை நாங்கள் இப்படிப் பிரிப்போம்: சுவிட்சர்லாந்தில் லாட்டர்புருன்னன் 4, பொன்ட்ரெசினா 3, இத்தாலியில் போல்சானோ 1, டோலமைட்டில் ஆர்திசெய் அல்லது கோர்வாராவில் 3, கடைசியாக வெனிஸில் 1. விமான டிக்கெட்டைச் சூரிச்சில் இறங்கி வெனிஸில் ஏறுவதுபோல் ஒரே புக்கிங்காக எடுங்கள். போன வழியே திரும்பி வருவதற்கு ஒரு முழு நாள் போய்விடும்.

பொன்ட்ரெசினாவிலிருந்து போல்சானோ போவதற்கு அதிகம் பேர் எடுக்காத ஒரு வழி இருக்கிறது. செர்னெட்ஸ் வரை ரயில். அங்கிருந்து மஞ்சள் நிறப் போஸ்ட்பஸ் 2,149 மீட்டர் உயர ஓஃபன் கணவாயைத் தாண்டி, ம்யூஸ்டைர் வழியாக இத்தாலியின் மால்ஸ் வரை போகிறது. ம்யூஸ்டைர் மடாலயச் சுவர்களில் ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான ஓவியங்கள் இருக்கின்றன. யுனெஸ்கோ 1983-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் அதையும் பார்த்துவிடலாம். மால்ஸிலிருந்து மெரானோ, மெரானோவிலிருந்து போல்சானோ என்று ரயில். இந்தப் பாதையில் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்தி மாற்றுப் பஸ் விடுவது உண்டு. உங்கள் தேதிக்கு எது ஓடுகிறது என்று ஒரு வாரம் முன்பே பாருங்கள். இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஜெர்மன் பெயர் ஒன்று, இத்தாலியப் பெயர் ஒன்று. மால்ஸ்தான் மாலெஸ், போட்சன்தான் போல்சானோ. டிக்கெட் தேடும்போது ஒரு பெயரில் வரவில்லையென்றால் மற்றதைப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு நாடுகள் என்றால் விசாவை எந்தத் தூதரகத்தில் கேட்பது? (அதே வாசகர்)

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில். இரண்டும் சமம் என்றால் முதலில் நுழையும் நாட்டின் தூதரகத்தில். மேலே சொன்ன திட்டத்தில் சுவிட்சர்லாந்தில் 7 இரவுகள், இத்தாலியில் 5. ஆகவே சுவிஸ் விசா. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, அந்த ஒரே விசா இத்தாலிக்கும் செல்லும்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 13 வயது மகனுக்கு முழுக் கட்டணம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். பயண நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல வழக்கமான கெடு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே நேர்காணல் தேதி பிடித்துவிடுவது நல்லது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஹோட்டல்களை ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள். திட்டத்தில் காட்டும் இரவுகளும் ஹோட்டல் புக்கிங்கும் ஒரு இரவுகூட இடைவெளி இல்லாமல் ஒத்துப்போக வேண்டும். விண்ணப்பங்கள் சிக்கலாவது அதிகமும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: சுவிஸ் டிராவல் பாஸ் வாங்குவதா, ஹாஃப் ஃபேர் கார்டா? (வாசகி, திருச்சி)

டிராவல் பாஸ் 3, 4, 6, 8, 15 நாட்களுக்குக் கிடைக்கிறது. ரயில், போஸ்ட்பஸ், ஏரிப் படகு, நகரப் பஸ், டிராம், 500-க்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதில் அடக்கம். ரீகி மலைக்கும் முழுவதும் இலவசம். எல்லா மலை ரயில்களும் இப்படி இலவசம் இல்லை. பனி மூடிய உயரத்திலிருக்கும் யுங்ஃப்ரௌயோக் ரயில் நிலையத்துக்கு, கிரிண்டல்வால்ட் அல்லது வெங்கன் வரைதான் பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடிதான். ஹாஃப் ஃபேர் கார்டு ஒரு மாதத்துக்குச் செல்லும். பெரும்பாலான ரயில், பஸ், படகு, மலை ரயில்களில் பாதி விலை, யுங்ஃப்ரௌயோக் உட்பட.

கணக்குப் போடும் விதம் இதுதான். சுவிஸ் ரயில்வேயின் செயலியில் உங்கள் ஒவ்வொரு பயணத்தின் முழு விலையையும் எடுத்துக் கூட்டுங்கள். அதில் பாதியோடு கார்டின் விலையைச் சேருங்கள். அந்தத் தொகை பாஸைவிடக் குறைவா என்று பாருங்கள். தினமும் ஊர் மாறி, படகிலும் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பாஸ் லாபம். ஓரிடத்தில் தங்கி இரண்டு மூன்று பெரிய சிகரங்களுக்குப் போகிறவர்களுக்குக் கார்டு. குழந்தைகள் இருந்தால் இரண்டில் எதை வாங்கினாலும் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம்; 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரோடு டிக்கெட் இல்லாமல் போகலாம். கேட்காவிட்டால் கிடைக்காது.

கோவை வாசகரின் திட்டத்துக்கு 8 நாள் பாஸ் அச்சாகப் பொருந்தும். முதல் நாள் சூரிச் விமான நிலையத்தில் ஏறுவதிலிருந்து எட்டாம் நாள் மால்ஸில் போஸ்ட்பஸ்ஸை விட்டு இறங்குவது வரை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ் இரண்டில் எது? டிக்கெட் கிடைப்பதில்லை என்கிறார்களே? (வாசகர், மதுரை)

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பெர்னினா. கிளேசியர் எக்ஸ்பிரஸ் செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம். 91 சுரங்கம், 291 பாலம். அருமையான பாதைதான், ஆனால் குழந்தைகளுக்கு ஐந்தாவது மணி நேரத்தில் பொறுமை போய்விடும். பெர்னினா பாதை 2,253 மீட்டர் உயரத்திலுள்ள ஓஸ்பிட்ஸியோ பெர்னினா நிலையத்தைத் தொட்டு, 429 மீட்டரில் இருக்கும் இத்தாலியின் திரானோவுக்கு இறங்குகிறது. பல் சக்கரம் இல்லை, சாதாரணத் தண்டவாளம்தான். ஆனால் 100 மீட்டருக்கு 7 மீட்டர் சரிவு. சரிவைத் தாங்குவதற்காகவே புரூசியோவில் தண்டவாளத்தை ஒரு முழு வட்டமாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ரயில் வளைந்து, தான் சற்று முன் கடந்த அதே கற்பாலத்தின் வளைவுக்கு அடியில் நுழைந்து வெளியே வரும். காலையில் பனியாற்றின் பக்கத்தில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தவர்கள் திரானோவில் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள்.

டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் கண்ணாடிக் கூரை வைத்த பனோரமா ரயிலைச் சொல்கிறார்கள். அதற்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஹாஃப் ஃபேர் கார்டு அந்தக் கட்டணத்தைக் குறைக்காது. அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸுக்கும் திரானோவுக்கும் நடுவே மணிக்கு ஒரு சாதாரண ரயில் ஓடுகிறது. அதற்கு முன்பதிவே வேண்டாம், பாஸைக் காட்டினால் போதும். எங்கள் தேர்வு அதுதான். பனோரமா பெட்டியின் கண்ணாடி திறக்காது. படம் எடுத்தால் உள்ளே இருக்கிறவர்களின் சட்டைதான் அதில் பளிச்சென்று விழும். சாதாரண ரயிலில் திறக்கக்கூடிய ஜன்னல் உள்ள பெட்டி கிடைக்கும், நடுவில் எந்த நிலையத்திலும் இறங்கி அடுத்ததில் ஏறலாம். ஆல்ப் கிரும்மில் கட்டாயம் இறங்குங்கள். நடைமேடையிலேயே பாலூ பனியாறு தெரியும், கீழே பொஸ்கியாவோ பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து கிடக்கும்.

செயின்ட் மோரிட்ஸ் பக்கமிருந்து போகும்போது வலதுபுறம் உட்காருங்கள். மோர்ட்டராட்ச் பனியாறு, வெள்ளை நிற லாகோ பியாங்கோ ஏரி இரண்டும் அந்தப் பக்கம். கூர் (Chur) நகரிலிருந்து வருகிறவர்களுக்கு 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலமும் வலதுபுறத்தில்தான். பொன்ட்ரெசினாவில் தங்கினால் பெட்டிகளை அறையிலேயே விட்டுவிட்டு, காலையில் திரானோ போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலை திரும்பிவிடலாம்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ்தான் வேண்டும் என்றால், அதற்கு முன்பதிவு கட்டாயம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை ஓடாத ஒரு இடைவெளி உண்டு, தீபாவளி விடுமுறைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. இன்டர்லாகன் ஓஸ்டில் லாட்டர்புருன்னனுக்கு ஏறும்போது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஒரே ரயில்தான் நிற்கும். ஸ்வைலுட்சினன் நிலையத்தில் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லாட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும்.

கேள்வி: பெற்றோருக்கு 70 வயது தாண்டிவிட்டது. யுங்ஃப்ரௌயோக் கூட்டிப் போகலாமா? (வாசகி, சேலம்)

அது 3,454 மீட்டர் உயரம். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுவதால் தலைச்சுற்றலும் மூச்சுத் திணறலும் வரலாம். மேகம் மூடிய நாளில் மேலே போனால் வெள்ளைத்திரையைத் தவிர எதுவும் தெரியாது, டிக்கெட் பணமும் வீண். அங்குள்ள நேரடிக் கேமராவைக் காலையில் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். ரீகி 1,800 மீட்டருக்கும் கீழேதான். உச்சி வரை ரயில் போகும், பெரியவர்களுக்கு அதுவே நிறைவான நாள்.

கேள்வி: வாடகைக் காருக்கு இந்திய லைசென்ஸ் போதுமா? வேறு என்ன கேட்பார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

இத்தாலியில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள் என்பதால் விசா கைக்கு வந்ததும் போய்விடுங்கள். அந்தப் புத்தகம் மட்டும் போதாது, அசல் லைசென்ஸ் கார்டும் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினால் ஏற்கமாட்டார்கள்.

நம்மவர்கள் கவுன்டரில் மாட்டிக்கொள்வது லைசென்ஸால் அல்ல, கார்டால். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். அதில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். ஆயிரம் யூரோவுக்கு மேலும் போகலாம். டெபிட் கார்டை மறுக்கும் நிறுவனங்கள் பல. நாம் எல்லோரும் எடுத்துப்போகும் பிரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டு இதற்கு உதவாது. கணவர் ஓட்டுகிறார், மனைவியின் கார்டு என்றாலும் சாவி கொடுக்கமாட்டார்கள். கிளம்பும் முன் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பை உயர்த்தி, ஓ.டி.பி. வரும் எண்ணுக்கு ரோமிங் போட்டுவிடுங்கள். மெஷின் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கணிசமாகப் போய்விடும்.

காப்பீட்டில் அடிப்படையாக வரும் விபத்துப் பாதுகாப்பு ஒரு தொகை வரைக்கும் உங்கள் தலையில்தான் வைக்கும். அந்தத் தொகையைப் பூஜ்யமாக்கும் கூடுதல் காப்பீட்டை மலைச்சாலைக்கு நாங்கள் சிபாரிசு செய்வோம். ஆனால் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். மலையில் அடிபடுவது இவைதான்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே குறிப்பிட்டுப் பதியுங்கள், குறிப்பிடாவிட்டால் கியர் வண்டிதான் வரும். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டி என்றால் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் அளவுக் கார் போதாது; அதன் டிக்கி 380 லிட்டர்தான், இரண்டு பெரிய பெட்டியோடு நிரம்பிவிடும். ஸ்டேஷன் வேகன் கேளுங்கள். 150 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்கு உரிய இருக்கை சட்டப்படி கட்டாயம். 9 வயதுக்காரிக்கு அநேகமாக பூஸ்டர் சீட் தேவைப்படும், அதையும் பதியுங்கள். இத்தாலியில் ஊருக்குள் இருக்கும் வாடகை அலுவலகங்கள் பல மதியம் பூட்டிவிடும், ஞாயிறு திறக்காது. ரயில் எத்தனை மணிக்குச் சேர்கிறது என்று பார்த்து நேரம் போடுங்கள்.

சாவி வாங்கியதும் நகராதீர்கள். நான்கு பக்கம், நான்கு சக்கரத்தின் விளிம்பு, முன் கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். படிவத்தில் இல்லாத கீறல் இருந்தால் அங்கேயே எழுத வையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே படங்கள்.

கேள்வி: வலதுபுறமாக ஓட்டிப் பழக்கமில்லை. மலைக் கணவாய்களில் பயப்பட வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

முதல் அரை மணி நேரத்தைக் காலியான நிறுத்துமிடத்தில் செலவழியுங்கள். கியர் வலது கைக்கு வந்துவிடும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் வலதுபுறமிருக்கும் இண்டிகேட்டர் தண்டு அங்கே இடதுபுறம்; திரும்ப வேண்டிய இடத்தில் வைப்பர் ஓடும், அதில் கவனம் சிதறும். ஆபத்தான கணம் பெரிய சாலையில் இல்லை. பெட்ரோல் பங்கிலிருந்தோ ஒருவழிப் பாதையிலிருந்தோ வெளியே வந்து ஆளில்லாத சாலையில் திரும்பும்போது கை பழக்கத்தில் இடதுபுறம் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் "வலது" என்று சொல்லட்டும். ரவுண்டானாவை வலப்புறம் நுழைந்து சுற்ற வேண்டும்; உள்ளே இருக்கிற வண்டிக்கே முதல் உரிமை.

கணவாயில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் உடனே ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் கையால் மாற்றும் நிலைக்குப் போடுங்கள். குறுகிய சரிவில் எதிரெதிரே வந்தால் இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும்.

செல்லா, போர்டோய், கம்போலோங்கோ, கார்டெனா ஆகிய நான்கு கணவாய்களையும் சுற்றிவரும் பாதை 60 கிலோமீட்டருக்குள்தான். வரைபடம் ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு முழு நாள். காலை 8 மணிக்கு முன் ஏறிவிடுங்கள். 10 மணிக்கு மேல் பஸ், மோட்டார் சைக்கிள், சைக்கிள் எல்லாம் சேர்ந்துகொள்ளும், நிறுத்த இடம் கிடைக்காது. சைக்கிள்காரர்களுக்காக ஜூனிலும் செப்டம்பரிலும் ஒரு நாள் இந்தப் பாதையை மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துவிடுங்கள். அல்பே டி சியூசி புல்வெளிக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை கார் விடமாட்டார்கள், சியூசி ஊரிலிருந்து கேபிள் காரில் போகலாம். பிரையெஸ் ஏரிக்கு ஜூலை, ஆகஸ்டில் பகலில் காரோடு போக இணையத்தில் முன்பதிவு வேண்டும்.

வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் அவோமின் மாத்திரையை ஊரிலிருந்தே எடுத்துப்போகலாம். தூக்கம் வரவழைக்கும் மருந்து அது, ஓட்டுகிறவர் தொடக் கூடாது.

கேள்வி: இத்தாலியில் ஓட்டிவிட்டு வந்து எட்டு மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்ததாக நண்பர் சொன்னார். நிஜமா? (வாசகர், சென்னை)

நிஜம். இத்தாலிய நகரங்களின் பழைய பகுதியைச் சுற்றி இசட்.டி.எல். என்ற வட்டம் இருக்கிறது; அனுமதியில்லாத வண்டி நுழைந்தால் கேமரா எண்ணைப் படித்துவிடும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. முதலில் வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்காகக் கார்டில் ஒரு தொகையைப் பிடிக்கும். அது அபராதம் இல்லை, அபராதம் பின்னால் தனியாக வரும். வந்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும்.

சிவப்பு வட்டத்துக்குக் கீழே ஒளிரும் பலகையில் 'வார்க்கோ அட்டிவோ' என்று இருந்தால் கேமரா வேலை செய்கிறது, நுழையாதீர்கள். வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்து நுழைகிறவர்கள் நிறையப் பேர். வழிகாட்டும் செயலி இதை எப்போதும் எச்சரிக்காது. ஹோட்டல் அந்த வட்டத்துக்குள் இருந்தால் வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள்; இல்லையென்றால் வெளியே நிறுத்துங்கள். தரையில் நீலக் கோடு என்றால் பணம் கட்டும் நிறுத்தம், வெள்ளை இலவசம், மஞ்சள் பிறருக்கு ஒதுக்கியது.

சுங்கச் சாவடியில் மஞ்சள் நிற டெலிபாஸ் (நம் ஃபாஸ்டாக் போன்றது) வரிசையில் போகாதீர்கள். நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கார்டு படம் போட்ட வரிசையில் கட்ட வேண்டும். தவறான வரிசையில் மாட்டினால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்தினால் சீட்டு அச்சாகி வரும், பணத்தைப் பிறகு கட்டலாம்.

பெட்ரோல் பச்சைக் குழாய். மூடியின் உள்பக்கம் வட்டத்துக்குள் 'ஈ5' அல்லது 'ஈ10' என்றிருக்கும். டீசல் கறுப்புக் குழாய், சதுரத்துக்குள் 'பி7'. 'சர்விதோ' என்ற பம்பில் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலை கூடுதல். பக்கத்திலேயே நாமே போட்டுக்கொள்ளும் பம்ப் இருக்கும்.